சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவே இல்லை

போன மாதம் எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒருத்தி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினாள். 'நர்சிங் படிப்பு, ஒரே வருடம், அரசு அங்கீகாரம், 100 சதவீதம் வேலை உறுதி.' நிலையத்தின் பெயர் வேறு, படத்தில் நிற்கிற வெள்ளைக் கோட்டுப் பெண் வேறு, மற்றபடி 2022-இல் என் கையில் இருந்த அதே நோட்டீஸ்தான். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அவளிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு அன்று இதைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லை. 48,000 ரூபாயும் ஒரு முழு வருடமும் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் கல்லல் ஒன்றியத்தில் ஒரு சின்ன கிராமம். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறை வந்து போவார். 2019-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி வீட்டில் சமையல் வேலைக்குப் போனதால் அப்பாவைப் பார்த்துக்கொண்டது முழுக்க நான்தான். இரண்டு வருடம். எனக்குத் தெரிந்த வரைக்கும் பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கடைசி ஆறு மாதம் அவருக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்து, அது குழியாகி, அந்த வாடையோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் இந்த வேலையை முறையாகப் படிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. அம்மா வேலை பார்த்த வீட்டு ஆச்சியும், "படிச்சுட்டு வா ஆத்தா, எனக்கே ஒரு ஆள் தேவைப்படும்" என்றார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். முகப்பு, வளவு என்கிற முற்றத்தோடு கூடிய நடுப்பகுதி, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீட்டில் எண்பது வயது ஆச்சி தனியாக இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு.

காரைக்குடியில் ஒரு கடை மாடியில் அந்த நிலையம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். 'அரசு பதிவு பெற்றது' என்று ஒன்று, ஐஎஸ்ஓ தரச் சான்று என்று ஒன்று. அந்த 'அரசு பதிவு' ஒரு அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த தாள் மட்டும்தான் என்பது எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்தது. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அதற்கும் அங்கே நடத்துகிற படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஐஎஸ்ஓவும் அப்படித்தான், படிப்புக்கான அங்கீகாரம் இல்லை. இதை மட்டும் அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் படியிறங்கி வந்திருப்பேன்.

சேர்க்கைக்கு 5,000. படிப்புக் கட்டணம் 30,000, இரண்டு தவணை. சீருடையும் ஷூவும் 3,500, நோட்ஸ் 1,500, தேர்வுக் கட்டணம் 5,000, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப 3,000. முதல் நாள் சொன்னது 35,000 மட்டும்தான், மற்றதெல்லாம் நடுவழியில் ஒவ்வொன்றாக வந்தது. பாதியில் விட்டால் கட்டியதெல்லாம் வீண் என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு பவுன் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் 50,000-க்கு அடகு வைத்தேன். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் அந்தச் செலவு இல்லை. ரசீது கேட்டபோது ஒரு துண்டுத்தாளில் தொகையை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அதிலும் எதற்காக வாங்கிய பணம் என்று இல்லை. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடக்கம், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலமோ ஜிபே மூலமோ அனுப்புங்கள், பின்னால் ஆதாரம் என்று காட்ட அதுதான் நிற்கும்.

பணத்தைவிடப் பெரிய தப்பு இன்னொன்று செய்தேன். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி மூன்றையும் அசலாகக் கொடுத்துவிட்டேன். "கவுன்சிலுக்கு அனுப்பணும், படிப்பு முடிஞ்சதும் தந்துடுவோம்" என்றார்கள். அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் முறை. ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம், ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸை ஒரு அக்கா வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். எலும்புகள் 206 என்று எழுதினோம். ஒரு பொம்மை கிடையாது, ஒரு கட்டில் கிடையாது, பிபி பார்க்கிற கருவி ஒன்றே ஒன்று இருந்தது, அதில் காற்று நிற்காது.

அப்புறம் ஆறு மாதம் 'போஸ்டிங்' என்று ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். நான் 3,000 கட்டிவிட்டுப் போய் அங்கே பன்னிரண்டு மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன். கூட்டினேன், துடைத்தேன், பெட்பேன் எடுத்தேன். அந்த வேலைகளை நான் குறைவாக நினைக்கவில்லை, இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஒரு நைட் டூட்டியில் ஆள் இல்லை என்று, "அந்த ஊசியைப் போட்டுடு" என்று ஒரு பெரியவரைக் காட்டினார்கள். எனக்குக் கை நடுங்கியது. போட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த இரவு முழுக்க அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அடுத்த தடவை சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதற்குத் திட்டு வாங்கினேன். செவிலியர் உதவியாளர் ஊசி போடக்கூடாது, அது பதிவு பெற்ற செவிலியரின் வேலை. 'எங்களிடம் படித்தால் ஊசி போடக் கற்றுத்தருவோம்' என்று ஒரு நிலையம் பெருமையாகச் சொன்னால் அதுவே ஓடிவர வேண்டிய அடையாளம். ஏதாவது தப்பாகிவிட்டால் மாட்டப்போவது நீங்கள், பாதிக்கப்படப்போவது படுத்திருக்கிறவர்.

அதே நர்சிங் ஹோமில் ஒரு நாள் குப்பையை அள்ளும்போது மூடாத ஊசி ஒன்று என் விரலில் குத்திவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் போட்டு வைத்திருந்தார்கள். சொன்னதற்கு, "ஒண்ணும் ஆகாது, டெட்டால் போட்டுக் கழுவு" என்றார்கள். நான் எதுவும் தெரியாமல் விட்டுவிட்டேன். அப்படிக் குத்தினால் எச்ஐவி தொற்றலாம் என்று பின்னால் தெரிந்ததும் பல நாள் தூங்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஒன்றுமில்லை என்று தாளைக் கையில் கொடுத்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: ஊசி குத்தினால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே பொறுப்பில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தொற்றைத் தடுக்கிற மாத்திரை இருக்கிறது, அதை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வார்டுக்குள் போவதற்கு முன்பே தொடங்குங்கள். மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. எங்களை அனுப்பியவர்கள் அந்தத் தடுப்பூசியின் பெயரைக்கூட எங்களிடம் சொன்னதில்லை.

2023 ஜூனில் படிப்பு முடிந்தது, சான்றிதழ் செப்டம்பரில்தான் வந்தது. தங்க நிற ஓரம், மேலே டெல்லி என்று ஒரு முகவரி, அரசாங்கப் பெயர் மாதிரியே ஒரு 'கவுன்சில்'. அதை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர்காணலுக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் நல்லவர். சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா கொடுத்தது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடம் படித்த எனக்கு என் சான்றிதழை யார் கொடுத்தது என்று தெரியவில்லை. "இது நர்சிங் கவுன்சில் பதிவும் இல்ல, ஸ்கில் கவுன்சில் சான்றிதழும் இல்ல. வார்டு ஆயாவா வேணா சேரலாம், அதுக்கு இந்தப் படிப்பே தேவையில்லைம்மா" என்றார். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்த இரண்டு மணி நேரமும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. சங்கிலியை நினைத்தேன், வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். அன்று ராத்திரி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம், "முன்னாடியே சொல்லியிருந்தா நான் நாலு பேர்ட்ட விசாரிச்சிருப்பேன்ல" என்றார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. தனியாக முடிவெடுத்தது தப்பில்லை, தனியாகவே எல்லாவற்றையும் சுமந்துகொண்டு யாரிடமும் கேட்காமல் இருந்ததுதான் தப்பு.

அந்த மேடம் சொன்னதையும் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், இதைக் குழப்பித்தான் நம்மிடம் பணம் வாங்குகிறார்கள். நர்ஸ் என்று பதிவு பெற வேண்டுமானால் இந்திய நர்சிங் கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பை அது அங்கீகரித்த இடத்தில் படிக்க வேண்டும். ஏஎன்எம் என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம், பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு, 17 வயதிலிருந்து 35 வரை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் இந்தப் படிப்பு படித்தவர்தான். ஜிஎன்எம் என்கிற பொதுச் செவிலியர் டிப்ளமோ மூன்று வருடம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம். முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், அந்த எண் இல்லாத ஒருத்தர் நர்ஸ் இல்லை. ஒரு வருடத்தில் நர்ஸ் ஆக வழியே கிடையாது, தபால் வழியிலும் கிடையாது. எந்தெந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியலே இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். நர்சிங் அசிஸ்டன்ட் என்பது வேறு பாதை. அது திறன் பயிற்சியின் கீழ் வருகிறது, அங்கே அதன் பெயர் ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், சுருக்கமாக ஜிடிஏ. சில மாதப் பயிற்சி. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் மதிப்பீடு செய்து சான்றிதழ் தருகிறது. அதில் இருக்கிற கியூஆர் கோடை வைத்து யாரும் சரிபார்க்கலாம். பல அரசுத் திட்டங்களில் இந்தப் பயிற்சி இலவசம். நான் 48,000 கொடுத்தது, இலவசமாகக் கிடைக்கிற ஒன்றின் போலிக்கு.

சரி, அசல் சான்றிதழ்களுக்கு வருகிறேன். கேட்கப் போனால் 'பட்டமளிப்பு விழாக் கட்டணம்' என்று இன்னும் 7,000 கேட்டார்கள். நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் சார் இல்லை. எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிற அக்காதான், திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடு என்றார். ஒரு பக்கத்தில் தேதி வாரியாக எழுதினேன், பணம் கட்டிய துண்டுத்தாள்களின் ஜெராக்ஸை இணைத்தேன், மனு எண் போட்ட சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பதினாறாவது நாள் நிலையத்துக்காரர்களே கூப்பிட்டு மூன்றையும் கொடுத்தார்கள். கல்விச் சான்றிதழை யாரும் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதும் பிறகுதான் தெரிந்தது. பணத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பல தடவை பேசிய பிறகு தேர்வுக் கட்டணமும் போஸ்டிங் கட்டணமும் என்று 8,000 திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு அப்போது தெம்பில்லை. போகாதது இப்போதும் உறுத்துகிறது.

அந்தக் குழு அக்காதான் தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தைப் பற்றியும் சொன்னார். மகளிர் திட்ட அலுவலகம் மூலமாக நடப்பது. கிராமத்து ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடையோடு இலவசம். 2024-இல் மதுரையில் தங்கி ஜிடிஏ படித்தேன். எனக்கு அப்போது 29 வயது, கூடப் படித்தவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது.

முதல் வாரம் கை கழுவுவது மட்டும். எனக்கு அது புதிது, ஒரு வருடம் 'படித்த' எனக்கு! அப்புறம் குப்பையைப் பிரிப்பது. ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பையில், ட்யூப் மாதிரியான பிளாஸ்டிக் சிவப்பில், ஊசிகள், குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். என் விரலில் குத்திய அந்த ஊசி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பிடிப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். சாப்பாட்டை உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்து, குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவின் நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு விழுந்த கையை இழுத்து இழுத்துப் போடுவேன், வலிக்குது என்பார், கொஞ்சம் பொறுங்கப்பா என்பேன். ராத்திரி ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை. யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்பேன். அது காசு செலவாகிற காரியமே இல்லை.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார், பயிற்சி கொடுத்தவர்களுக்கு அதில் வேலையில்லை. எழுத்துத் தேர்வு, அப்புறம் பொம்மையை வைத்துச் செய்து காட்ட வேண்டும், அப்புறம் கேள்விகள். எனக்கு வந்தது படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்றுவது. செய்தேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் 11,500 சம்பளத்தில் ஏழு மாதம் வேலை பார்த்தேன், அப்புறம் அம்மாவுக்கு முடியாமல் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது அந்த ஆச்சியைத்தான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் 16,000. ஆஸ்பத்திரியில் கற்றதை வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே நிலைப்படி உயரமாக இருக்கும், சக்கர நாற்காலி போகாது. அதனால் ஆச்சியின் கட்டிலை வளவிலேயே குளியலறைப் பக்கம் போட்டுவிட்டோம், குளித்து முடித்ததும் நான் தரையைத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் எழுந்திருக்கச் சொல்வேன். "என்னடி ஆத்தா இவ்வளவு சட்டம் போடுறே" என்பார்கள், ஆனால் கேட்பார்கள். சங்கிலியைப் போன தை மாதம் வட்டியோடு 61,000 கட்டி மீட்டேன்.

அந்தத் தெருப் பிள்ளைக்கு உண்மையில் ஆசை நர்ஸ் ஆகத்தான், உதவியாளர் வேலைக்கு இல்லை. அவளுக்கு ஏஎன்எம் அல்லது ஜிஎன்எம்தான் வழி, மார்க்கும் இருக்கிறது. அவளுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்: முடித்ததும் சான்றிதழ் கொடுப்பது எந்த அமைப்பு, போன வருடம் படித்தவரின் சான்றிதழைக் காட்ட முடியுமா, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் பயிற்சி, அங்கே யார் சொல்லிக் கொடுப்பார்கள். போய்க் கேட்டாள். முதல் கேள்விக்கே, "அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்றோம்" என்றார்களாம். ஆனால் அவள் அம்மா ஏற்கெனவே 2,000 முன்பணம் கட்டிவிட்டார். மார்க் ஷீட்டை இன்னும் கொடுக்கவில்லை, அது வீட்டு பீரோவில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ஆச்சிக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவளோடு அந்த 2,000 கேட்கப் போகிறேன்.